மாமா கொண்டுவந்த தூண்டில்கள்

என்னோடு ஒத்த வயதுள்ளவர்களுக்கு இதைச் சொல்வதில் ஒரு வசதி இருக்கிறது. மூடியைத் திறக்கும்போது சோடாப் போத்தல் போடுகிற சத்தம் எப்படி இருக்கும், பால்மா ரின் எதற்கெல்லாம் பயன்பட்டது என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும்.

போன கிழமை பருத்தித்துறையில் பஸ்ஸுக்காக நின்றபோது பக்கத்தில் மீன்பிடிச் சாமான் விற்கிற கடை ஒன்று இருந்தது. வாசலில் பிளாஸ்ரிக் பைகளில் தூண்டில்கள் தொங்கின. ஒவ்வொரு பையிலும் ஒரு நம்பர். பெரிய தூண்டில் வேண்டுமென்றால் சின்ன நம்பர் கேட்க வேண்டும்; நம்பர் கூடக் கூடத் தூண்டில் சிறுக்கும். கடலோரத்தில் வளராதவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். பஸ் வந்தது, நான் ஏறவில்லை. அடுத்த பஸ் வரும்வரை அங்கேயே நின்று, பத்து வயதில் நடந்த ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடு வடகரையில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. அப்பாவை நான் ஐயா என்றுதான் கூப்பிடுவேன். ஐயாவுக்கும் அவருடைய தம்பிக்கும், அதாவது சின்னையாவுக்கும், சேர்த்து ஒரு வள்ளம். நூறு தூண்டில் கட்டிய நீளக் கயிறு ஒன்றை விடியுமுன் கடலில் இறக்கிவிட்டு, வெயில் ஏறும்போது இழுத்துக்கொண்டு வருவார்கள். அம்மா கரவெட்டிப் பக்கம். அவருடைய வீட்டில் வெங்காயமும் புகையிலையும் பயிர் செய்தார்கள். கடற்கரையில் கலியாணம் செய்துகொண்டதற்காக அவர்கள் அம்மாவோடு பதினொரு வருடமாகக் கதைக்கவில்லை. இதை எனக்கு யாரும் இருத்தி வைத்துச் சொன்னதில்லை. அம்மாவின் ஊர்ப்பேரை யாராவது சொன்னால் அம்மா எழும்பிக் குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விடுவார், அதில் தெரிந்துகொண்டதுதான்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. தொழில் சாமான் எதுவும் வீட்டுக்குள் வராது. கயிறு, ஈயக்கட்டி, தங்கூசி என்கிற நைலோன் நூல், தூண்டில் எல்லாம் வளவின் மூலையிலிருந்த கொட்டிலில்தான் கிடக்கும். அம்மா அந்தக் கொட்டிலுக்குள் போவதேயில்லை. மீன் மணம் பிடிக்கவில்லை என்று நான் நினைத்திருந்தேன். ஆனால் அதே மீனைத்தான் அம்மா ஒவ்வொரு நாளும் வெட்டிச் சமைத்தார். பிடிக்காமல் போனது மணம் இல்லை என்று அப்போது எனக்கு எப்படித் தெரியும்.

ஐயா தூண்டில் தெரிவதில் பெயர்போனவர். கடையில் ஒரு கைப்பிடி அள்ளிச் சாக்கின்மேல் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்துப் பெருவிரல் நகத்தில் மெல்ல இழுப்பார். முனை வழுக்கினால் தள்ளிவிடுவார். நகத்தில் கோடு விழுந்தால் எடுப்பார். வீட்டுக்கு வந்து ஒன்றிரண்டைப் பூவரச மரத்தில் கொழுவி, குறட்டால் பிடித்து இழுப்பார். நல்ல தூண்டில் கொஞ்சம் இளகி, விட்டதும் பழையபடி வளையும். மோசமானது ஒன்றில் முறியும், இல்லாவிட்டால் நிமிரும். மீனுக்கு மீன் தூண்டிலும் வேறு. விளைமீனுக்கு வாய் சின்னது, உதடு தடிப்பு. கலவாய் வாயைத் திறந்தால் ஒரு தேங்காயை உள்ளே வைக்கலாம். சீலாவுக்குப் பல் கூர். தூண்டிலின் தண்டு நீளமாக இல்லாவிட்டால் தங்கூசியைக் கடித்து அறுத்துக்கொண்டு போய்விடும். ஐயா வைத்திருந்தவை கறுப்பு நிறம், தடித்த கம்பி. தலையில் வளையம் கிடையாது, தட்டையாக இருக்கும். நூலைத் தண்டில் சுற்றிச் சுற்றித்தான் கட்ட வேண்டும். தேங்காயெண்ணெய் பூசி, ஒரு வெறும் பால்மாத் தகர ரின்னில் வைத்திருப்பார். அந்த ரின்னைத் திறந்தால் வருகிற இரும்பும் எண்ணெயும் கலந்த மணம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

அந்த வருடம் வாடைக்காற்று ஓய்ந்து, சோளகக் காற்று எழும்புவதற்கு இடைப்பட்ட நாள்கள். கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கும். வருடத்தில் எங்களுக்கு நன்றாக மீன் படுகிற காலம் அதுதான். ஒரு சனிக்கிழமை காலை, வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் சைக்கிளை வாசல் படலையில் சாத்திவிட்டு, உள்ளே வராமல் நின்றார். முற்றம் கூட்டிக்கொண்டிருந்த அம்மா விளக்குமாற்றைக் கீழே போட்டார்.

“தம்பி,” என்றார்.

“ஓம் அக்கா. நான்தான்.”

அம்மாவின் தம்பி. எனக்கு மாமா. கொழும்பில் கந்தோர் ஒன்றில் மேசை வேலை என்று பிறகு தெரிந்தது. ஐயா சந்திக் கடைக்கு என்னை அனுப்பிச் சோடா வாங்குவித்தார். மாமா அதைத்தான் குடித்தார். அம்மா சமைத்ததைச் சாப்பிடவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மாமாவுக்குச் சோடா என்றால் சரியான விருப்பம் என்று நான் பள்ளிக்கூடத்தில் பெருமையடித்துத் திரிந்தேன். எங்கள் வீட்டுச் சட்டி பானையைத் தொடாமலிருக்க அதுதான் வழி என்று விளங்க எனக்கு முப்பது வயதானது.

ஆனால் அவர் வெறுங்கையோடு வரவில்லை. பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து ஐயாவிடம் நீட்டினார். மேலே துள்ளுகிற மீன் படம். உள்ளே எண்ணெய்த் தாளில் சுற்றிய நூறு தூண்டில்கள், வெள்ளிபோல மின்னின.

“அத்தான், இது உங்களுக்கு. கொழும்பிலை பெரிய கடையிலை வாங்கினது. இருக்கிறதுக்குள்ளை நல்லதைத் தா எண்டு கேட்டனான்.”

ஐயா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “நல்ல சாமான்,” என்றார்.

அம்மாவின் முகத்தை நான் பார்த்தேன். பதினொரு வருடத்தில் அவருடைய வீட்டார் ஒருவர் ஐயாவின் தொழிலை மதித்து, அதற்கென்று ஒரு பொருளும் வாங்கி வந்திருக்கிறார். மாமா போனபின் அம்மா அந்தப் பெட்டியைக் கொட்டிலுக்கு விடவில்லை. வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சாமிப் படத்தட்டுக்குக் கீழே வைத்தார்.

அன்று பின்னேரம் அம்மா கிணற்றடியில் நின்ற நேரம் ஐயா அந்தப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு பூவரசடிக்குப் போனார். நானும் பின்னால் போனேன். மரத்தில் கொழுவிக் குறட்டால் இழுத்தார். பெரிதாக இழுக்கவும் இல்லை. அது விரித்துவிட்ட என் கொண்டையூசிபோல நிமிர்ந்து வந்தது. இன்னொன்றும் அப்படித்தான்.

“ஐயா, உது நிமிருது.”

“ஓம். ஆத்து மீனுக்குச் செய்தது. கம்பி மெல்லிசு.”

“அப்ப கடையிலை திருப்பிக் குடுக்கேலாதோ?”

“நாங்கள் கடையிலை வாங்கினதெண்டால் குடுக்கலாம். மாமா தந்ததை எங்கை கொண்டுபோய்க் குடுக்கிறது?”

இரண்டையும் குறட்டால் பழையபடி வளைத்து, எண்ணெய்த் தாளுக்குள் வைத்துப் பெட்டியை மூடினார். என்னைப் பார்த்து விரலை உதட்டில் வைக்கவில்லை. சொல்லாதே என்றும் சொல்லவில்லை. ஆனாலும் நான் யாருக்கும் சொல்லவில்லை.

ஐயா அவற்றை அப்படியே வைத்திருப்பார் என்றுதான் நான் நினைத்தேன். இரண்டு நாள் கழித்து அம்மாவே கேட்டார்.

“தம்பி தந்த தூண்டிலை ஏன் இன்னும் கட்டேல்லை?”

“கட்டத்தான் வேணும். நேரமில்லை.”

“நான் கட்டித் தாறன். எப்பிடியெண்டு காட்டுங்கோ.”

ஐயா தங்கூசி உருண்டையைக் கொட்டிலிலிருந்து எடுத்து வந்து விறாந்தையில் வைத்தார். ஐயாவின் பழைய தூண்டிலைக் கட்டுவது கஷ்டம். மாமாவுடையதில் தலையில் வளையம் இருந்ததால் நூலைக் கோத்து நாலு சுற்றுச் சுற்றி இழுத்தால் போதும். அம்மா ஒரு மணித்தியாலத்தில் பழகிவிட்டார். சிறுவயதில் வெங்காயப் பிடி கட்டிய கை. ஐயா ஒன்று கட்டும் நேரத்தில் அவர் இரண்டு கட்டினார்.

அந்த ஒரு கிழமையை நான் மறக்கவில்லை. பின்னேரங்களில் இருவரும் எதிரெதிராக இருந்து கட்டினார்கள்; மூன்றாம் நாளிலிருந்து பக்கத்தில் பக்கத்தில். ஐயா கடலைப் பற்றிக் கதைத்தார். எந்த நீரோட்டத்தில் எந்த மீன் வரும், பார் என்கிற கற்பாறைத் திட்டுகள் எங்கே கிடக்கின்றன என்று எனக்கே சொல்லாததையெல்லாம் அம்மாவுக்குச் சொன்னார். அம்மா கேள்வி கேட்டார். வானொலி தன் பாட்டில் படித்துக்கொண்டிருந்தது. நான் ஈயக்கட்டிகளை வரிசையாக அடுக்கினேன். எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது, தூண்டில் பெட்டியின் பக்கம் மட்டும் நான் பார்க்கவில்லை. ஒவ்வொரு முடிச்சையும் ஐயா இழுத்துப் பார்த்து “நல்ல கட்டு” என்றார். கட்டு நல்லதுதான். பொய் சொல்லவில்லை.

பிறகு அந்தக் கயிறு கடலுக்குப் போனது.

முதல் நாள் இரையெல்லாம் போய், மீன் ஒன்றுமில்லாமல் வந்தது. தூண்டில்களில் பாதி ஈர்க்குப்போல நீட்டி நின்றன. சின்னையா கரையில் வைத்தே கேட்டார்: “அண்ணை, உதுகளை வெட்டி எறிஞ்சுபோட்டுப் பழசைக் கட்டுவமே?” ஐயா மறுத்தார். ஐந்துக்கு ஒன்றாகப் பழைய தூண்டிலைச் சேர்த்துக் கட்டினார். நிமிர்ந்தவற்றைக் கொட்டிலுக்குள் வைத்து வளைத்தார். பழைய தூண்டில்களில் பட்ட மீனைத்தான் அந்த மாதம் நாங்கள் விற்றோம். அது சின்னையாவின் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் காணாது. கடல் கண்ணாடிபோல் கிடக்க, மற்ற வள்ளங்கள் நிறைந்து வர, எங்களுடையது மட்டும் வெறுமையாக மிதந்து வந்தது.

“ஏன் இப்பிடி?” என்று அம்மா கேட்டார்.

“நீரோட்டம் சரியில்லை,” என்றார் ஐயா.

நான் ஐயாவைக் கோழை என்று நினைத்த நாள்கள் அவை. புயலுக்குப் பயப்படாத மனிதர் அம்மாவின் முகத்துக்குப் பயப்படுகிறார் என்று எனக்குக் கோபம். சின்னையாவும் அதைத்தான் நினைத்தார்.

நாலாம் கிழமை ஒரு பெரிய கலவாய் பிடித்தது. வள்ளத்தின் விளிம்புவரை சின்னையா கையால் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார். தலை தெரிந்த நேரம் தூண்டில் நிமிர்ந்தது. பாரம் விட்ட கயிறு துள்ளியடித்து, அடுத்த தூண்டில் அவருடைய உள்ளங்கையில் ஏறிவிட்டது. கரைக்கு வந்தபோது சாரத்துண்டால் கையைச் சுற்றியிருந்தார். துணி முழுவதும் இரத்தம். ஐயா கையைப் பிடிக்கப் போனார். அவர் தட்டிவிட்டார்.

“மீனுக்கு நிமிருது. எனக்கு நிமிரேல்லை,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “நீ மச்சாளுக்குப் பயந்துகொண்டிரு அண்ணை. நான் வேறை வள்ளம் பாக்கிறன்.”

ஆஸ்பத்திரியில் தோலை வெட்டித்தான் எடுத்தார்கள். அம்மாவிடம் ஐயா, தம்பிக்குக் கை காயம், ஆறியதும் வருவான் என்று மட்டும் சொன்னார். தனியாள் நீளக் கயிறு இறக்க முடியாது. ஐயா கரையோரமாக நின்று கைத்தூண்டில் போட்டார். பழைய கறுப்புத் தூண்டிலால்தான். அதில் கறிக்குப் போதுமான மீன் வந்தது, அவ்வளவுதான்.

இந்த நிலைமையில்தான் மாமா இரண்டாம் முறை வந்தார். இந்தத் தடவை படலையில் நிற்கவில்லை, விறாந்தையில் வந்து இருந்தார். நான் ஓடிப்போய்ச் சோடா வாங்கி வந்தேன்.

“வீட்டிலை உங்களைப் பற்றிக் கேட்டவை அக்கா,” என்றார். “பிள்ளை எத்தினையாம் வகுப்பெண்டு கேட்டவை.”

அம்மா சீலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவர் எத்தனை வருடம் காத்திருந்தார் என்று அந்த விரல்களில் தெரிந்தது.

மாமா ஐயாவின் பக்கம் திரும்பினார். “அத்தான், தூண்டில் எப்பிடி?”

“நல்லது. நல்லாப் பட்டது.”

மாமாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “எனக்குத் தெரியும். அடுத்த முறை வரேக்கை மூண்டு பெட்டி கொண்டு வாறன்.”

மூன்று பெட்டி. முந்நூறு தூண்டில். எனக்குச் சின்னையாவின் சாரத்துண்டுதான் கண்ணுக்குள் வந்தது.

“வேண்டாம் மாமா,” என்றேன். “எல்லாம் நிமிருது. சின்னையாவின்ரை கையும் கிழிஞ்சு போச்சு. அவர் இப்ப எங்களோடை வாறேல்லை.”

போத்தலுக்குள் சோடா நுரைக்கிற சத்தம் கேட்டது. மாமா அதைக் கீழே வைத்தார்.

“நான் விலை கூடினதைத்தான் கேட்டனான்,” என்றார். யாரையும் பார்க்காமல் சொன்னார். “உங்களிட்டை ஒருக்கால் கேட்டிருக்கலாம். கேக்க… ஒரு மாதிரி இருந்தது.”

“தம்பி, அது பெரிய விசயமில்லை,” என்று ஐயா எழும்பினார். மாமா சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அம்மா படலைவரை போய், அவர் ஒழுங்கை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு அடி விழும் என்று நினைத்தேன். அம்மா என்னைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, நேரே கொட்டிலுக்குப் போனார். அவர் அங்கே போனதை நான் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். உள்ளே ஒரு பலகையில் நிமிர்ந்த தூண்டில்கள் கிடந்தன. அவருடைய முடிச்சு ஒவ்வொன்றிலும் அவிழாமல் அப்படியே இருந்தது. ஐயா பின்னால் வந்து வாசலில் நின்றார். நான் வேலியோரம் நின்றேன்.

“எப்பவிருந்து தெரியும்?”

“முதல் நாளே.”

“முதல் நாளே தெரிஞ்சுகொண்டு, ஒரு கிழமை நானிருந்து கட்ட விட்டனீங்கள்.”

“ஓம்.”

“ஏன்?”

ஐயா நிலத்தைப் பார்த்தார். பிறகு கடல் பக்கம் பார்த்தார். அவர் சொல்லமாட்டார் என்று நினைத்தேன்.

“நீர் வந்து பக்கத்திலை இருந்தனீர்,” என்றார்.

அம்மா அழுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் அழவில்லை. பலகையிலிருந்த ஒரு தூண்டிலை எடுத்து, பிறகு திரும்ப வைத்தார்.

“அதுக்காக ஒரு மனிசன்ரை கை கிழியோணுமே?” என்று கேட்டார். சத்தம் போடவில்லை. “எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நான் நல்லதைக் கட்டியிருப்பன். பக்கத்திலைதான் இருந்திருப்பன்.”

இதை எழுதுகிற எனக்கு இப்போது ஐயாவின் அன்றைய வயதைவிட இருபது வயது கூட. அவர் கோழை இல்லை என்று நன்றாகத் தெரியும். ஆனால் அம்மா கேட்டதும் சரி. மனைவியைப் பற்றி அவர் போட்ட கணக்குப் பிழைத்துவிட்டது. பதினொரு வருடம் ஒரே வீட்டில் இருந்தும், அம்மா எழும்பிப் போய்விடுவார் என்றே ஐயா நினைத்திருந்தார்.

மாமாவைப் பற்றிக் கேட்பீர்கள். அவர் ஒரு வருடத்துக்கு மேல் வரவில்லை. நான்தான் துரத்திவிட்டேன் என்று அத்தனை காலமும் என் மனதில் கிடந்து அறுத்தது. பிறகு ஒருநாள் வந்தார். வெறுங்கையோடு வந்து, பசிக்குது அக்கா என்றார். அம்மா சோறு போட்டார். அதற்குமேல் அவர்களுக்குள் ஒரு விளக்கமும் நடக்கவில்லை. அந்தப் பெட்டி, பால்மா ரின், பூவரசு, கொட்டில் எல்லாம் பிறகு வந்த இடப்பெயர்வுகளில் போய்விட்டன. திரும்பி வந்தபோது வீடு நின்ற இடத்தைக் கிணற்றை வைத்துத்தான் கண்டுபிடித்தோம்.

ஆனால் நான் சொல்ல வந்தது மாமா சோடாவை வைத்துவிட்டுப் போன மறுநாள் காலையைப் பற்றி.

அம்மா முழுகி, நல்ல சீலை ஒன்று உடுத்து, என்னையும் கூட்டிக்கொண்டு சின்னையா வீட்டுக்குப் போனார். நாலு வளவு தள்ளித்தான் இருந்தது. ஆனாலும் கொண்டாட்டம், செத்தவீடு தவிர அவர் அங்கே போனதாக எனக்கு நினைவில்லை. சின்னையா கட்டுப்போட்ட கையோடு முற்றத்தில் இருந்தார். அம்மாவைக் கண்டதும் எழும்பி, மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டார்.

“கையைக் காட்டுங்கோ,” என்றார் அம்மா.

அவர் கூச்சப்பட்டுக்கொண்டு காட்டினார்.

“என்ரை தம்பி தெரியாமல் வாங்கினது. நான் தெரியாமல் கட்டினது. உங்கடை அண்ணை தெரிஞ்சும் சொல்லேல்லை. மூண்டு பேரிலையும் பிழை. இப்ப எனக்கு நல்ல தூண்டில் எடுக்கோணும். எது சரியெண்டு நீங்கள் வந்து காட்டுங்கோ.”

“அண்ணை எடுப்பார்தானே மச்சாள்.”

“கட்டப்போறது நான். நான் பாத்து எடுக்கிறன்.”

சின்னையா உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

மூவரும் பஸ்ஸில் பருத்தித்துறைக்குப் போனோம். கடை முழுக்க ஆம்பிளையள். அம்மா உள்ளே போனதும் கதை நின்றது. கடைக்காரர் சாக்கின்மேல் ஒரு கைப்பிடி கறுப்புத் தூண்டில் கொட்டினார். சின்னையா நல்ல கையால் ஒன்றை எடுத்து நகத்தில் இழுத்துக் காட்டினார். அம்மா பார்த்தார். பிறகு தானே ஒன்றை எடுத்து இழுத்தார். வழுக்கியது, தள்ளிவைத்தார். அடுத்தது கோடு போட்டது, எடுத்தார். அவசரப்படவில்லை. கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, சின்னையாவின் பக்கம் குனிந்து கேட்டார்:

“இது ஆருக்கு எடுக்கிறியள்?”

சின்னையா வாயைத் திறக்குமுன் அம்மா தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

“எங்களுக்கு. எங்கடை வள்ளத்துக்கு.”

சொல்லிவிட்டு அடுத்த தூண்டிலை எடுத்தார்.